ஏ முதல் எல் வரை

என்னால் உட்கார்ந்து படிக்க முடியாது. உட்கார்ந்தால் கால் தானாக ஆட ஆரம்பிக்கும். ஆடும் காலைப் பார்த்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். அம்மாவின் கோபத்தைப் பார்த்தால் எனக்கு இரண்டு மடங்கு வரும். அதனால் எலவனாசூர்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்துகொண்டேதான் படித்தேன். தண்ணீர் டேங்கிலிருந்து மாடிப்படி வரை பதினாறு எட்டு. அந்தப் பதினாறு எட்டுக்குள் ஒரு பட்டம் வாங்கினேன், மத்திய அரசு எழுத்தர் தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றேன்.

கணக்கு என்னைக் கைவிட்டதில்லை. பொது அறிவும் பரவாயில்லை. ஆங்கிலத்தில்தான் ஒவ்வொரு முறையும் குப்புற விழுந்தேன். இலக்கணம்கூட எப்படியோ ஒப்பேறிவிடும், சொற்கள்தான் காலை வாரும். இந்தச் சொல்லுக்கு இணையான சொல் எது, எதிரான சொல் எது, இவ்வளவு நீளமாகச் சொல்வதை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது என்று வரிசையாகக் கேட்பார்கள். அந்தச் சொற்களை நான் பிறந்ததிலிருந்து யாரும் என் காதுபடப் பேசியதில்லை. பேப்பரிலும் பார்த்ததில்லை. யார் வீட்டில் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று தேர்வு நடக்கும் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து எரிச்சல்பட்டுக்கொண்டே தப்பான விடையை அழுத்திவிட்டு வருவேன்.

வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இன்னும் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். அம்மாவுக்கு அந்தக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"இன்னும் எத்தினி வருஷம்டி இதயே படிச்சிக்கினு இருப்ப? மாடி தேஞ்சி போச்சு, உனுக்கு ஒரு வேலை வந்த பாடில்ல" என்பாள்.

கடைசி முயற்சி என்பதால் கள்ளக்குறிச்சியில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அங்கே ஆங்கிலம் எடுத்தவர் வாரத்துக்கு ஐம்பது சொற்களை அச்சடித்துக் கொடுத்து, மறு வாரம் எழுப்பி நிறுத்தி வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொல்வார். ஒப்பித்துவிட்டு உட்கார்ந்த நிமிடமே எனக்கு எல்லாம் மறந்துவிடும். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் எல்லாரும் ஒப்பித்து முடிக்கும் வரை ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முறை வந்தபோது எழுந்து, "இதுல எந்த வார்த்தைய யார்கிட்ட பேசுறது சார்?" என்று கேட்டாள். அவர் உட்காரச் சொன்னார். எனக்கு அவளை அன்றைக்கே பிடித்துவிட்டது.

அவள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையைத் தாண்டி இறங்கி இன்னும் அரை மணி நேரம் நடக்க வேண்டிய ஊர். வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது தன் நிலைமையைச் சொன்னாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு இடுப்பு விழுந்து நடமாட்டம் கம்மி. அண்ணன் ஒருவன் கேரளாவுக்கு வேலைக்குப் போவதாக இருந்தான். அவனை ஒரே ஒரு வருஷம் இருக்கச் சொல்லியிருந்தாள்.

"ஒரு வருஷம் மரவள்ளிக் காட்டயும் அம்மாவயும் நீ பாத்துக்கோ, நான் பரீட்சை எழுதி வேலைக்குப் போய்ட்டா அம்மாவ நான் கூட்டிக்கினு போய்டறேன், அப்புறம் நீ எங்க வேணா போன்னு சொல்லிட்டேன். வேலை கெடைக்கலன்னா அவன் போவான், நான் காட்டுல எறங்கணும். அவ்ளோதான் பேச்சு."

அப்படிச் சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தாள். எனக்கோ அதைக் கேட்டதும் நிற்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ஒரு முறை. இந்தப் பயிற்சி மையத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் காலி. மறு வாரமே இருவரும் நின்றுவிட்டோம்.

சொற்களுக்கென்றே ஒரு தடிப் புத்தகம் உண்டு. ஏ முதல் இஸட் வரை, ஒவ்வொரு பக்கத்திலும் நாலைந்து கடினமான சொற்கள், பக்கத்தில் நிறைய வெற்றிடம். தேர்வெழுதும் எல்லார் வீட்டிலும் அது இருக்கும், முதல் முப்பது பக்கம் மட்டும் அழுக்காக இருக்கும். என் வீட்டிலிருந்ததும் அப்படித்தான். அதைக் கையில் எடுத்தாலே எனக்கு அலுத்துவிடும் என்று சொன்னேன்.

"அப்ப பாதியா வெட்டிடலாம்" என்றாள் அவள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நேராக ஒரு பைண்டிங் கடைக்குக் கூட்டிப் போனாள். கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டினார், எங்களைப் பார்த்தார். "இன்னாம்மா, சொத்துப் பிரிக்கிற மாதிரி பிரிக்கச் சொல்றீங்க? ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றார். எல் முடிந்து எம் ஆரம்பிக்கும் இடத்தில் வெட்டச் சொன்னோம். வெட்டி, இரண்டுக்கும் தனித்தனி அட்டை ஒட்டிக் கொடுத்தார். ஏ முதல் எல் வரை எனக்கு, எம் முதல் இஸட் வரை அவளுக்கு. பாதியைப் பார்த்ததும் எனக்கு முதல் முறையாக இதை முடித்துவிடலாம் என்று தோன்றியது.

ஏற்பாட்டை அவள்தான் போட்டாள். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் உள்ள வெற்றிடத்தில் தமிழில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அர்த்தம் எழுதக் கூடாது. நமக்குத் தெரிந்த ஆளோ, இடமோ, நடந்த விஷயமோ இருக்க வேண்டும், படித்ததும் அர்த்தம் தானே புரிய வேண்டும். நாலு மாதம் அவரவர் பாதி. கடைசி மாதம் பாதியை மாற்றிக்கொண்டு, அடுத்தவள் எழுதியதை வைத்துப் படித்துக்கொள்வது. இரண்டு பேரும் முழுப் புத்தகத்தையும் எழுத நேரமில்லை. ஒருத்தி உழைப்பில் இன்னொருத்தி பாதி தூரம் போகலாம்.

நான் எழுத ஆரம்பித்தேன். இன்டாலன்ட் என்ற சொல்லுக்கு, 'என் தம்பி காலையில் பத்து மணிக்கு எழுந்து, பல் துலக்கக் களைப்பாக இருக்கிறது என்று மீண்டும் படுத்தான்.' ஃப்ரூகல் என்பதற்கு, 'அப்பா அறுந்த செருப்பை நான்காவது முறையாகத் தைக்கக் கொடுத்தார்.' கேரலஸ் என்பதற்கு, 'உளுந்தூர்பேட்டையில் நிற்கும் பஸ்ஸில் வெள்ளரிப் பிஞ்சு விற்க ஏறும் அக்கா, விற்று முடித்த பிறகும் இறங்குவதில்லை.' மாடியில் நடந்துகொண்டே யோசிப்பேன், தண்ணீர் டேங்கின் மேல் வைத்து எழுதுவேன். ஊரில் ஒருத்தரையும் விடவில்லை. நாலு மாதத்தில் எங்கள் தெருவே என் புத்தகத்துக்குள் வந்துவிட்டது.

சனிக்கிழமைகளில் அவள் மலையிலிருந்து இறங்கி வருவாள். பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, அந்த வாரம் எழுதியதில் கொஞ்சம் படித்துக் காட்டிக்கொள்வோம். அவள் வாக்கியங்கள் பேச்சு மாதிரியே இருக்கும். ஸ்பொராடிக் என்பதற்கு, 'எங்க ஊர் டவரு. வரும், போவும், எப்ப வரும்னு அதுக்கே தெரியாது.' பெரிலஸ் என்பதற்கு, 'மழ நாள்ல வெள்ளிமலை பஸ்ஸு, வளைவுல டிரைவரு போன் பேசறாரு.' ஆப்ஸ்டினேட்டுக்கு அவள் அண்ணனின் எருது, நுகத்தடியைப் பார்த்ததும் படுத்துக்கொள்கிறது. வோராஷியஸுக்கு, மரவள்ளிக் காட்டில் புகுந்து ஒரே இரவில் மூன்று வரிசையைத் தின்றுவிட்டுப் போன காட்டுப் பன்றி. ஒரு தடவை கேட்டால் போதும், அந்தச் சொல் என் மண்டையிலிருந்து போகாது.

"உன்னுது அல்லாம் பாடப் புஸ்தகம் மாதிரி கீது. ஆனா உங்க ஊரு ஜனங்க நல்லா கீறாங்க" என்பாள் என்னிடம்.

எனக்குச் சுருக்கென்று இருக்கும். சிரித்துக்கொள்வேன். பொங்கலுக்கு மறுநாள் ஒருமுறை எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தாள். அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போயிற்று. "இந்தப் பொண்ணு எப்பிடி அமரிக்கையா உக்காந்துக்கினு கீது பாரு, நீயும்தான் கீறியே" என்று எனக்கு ஒரு குட்டு வைத்தாள்.

பாதியை மாற்றிக்கொள்ள வேண்டிய சனிக்கிழமை வந்தது. தேர்வுக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. அதற்கு முன் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்துவிடுவோம் என்று ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். அடுத்தடுத்த திரைகளில் உட்கார்ந்து எழுதினோம். என் கால் ஆடி ஆடி மேஜையே ஆடியது. முடிவு உடனே வந்தது. ஆங்கிலத்தில் அவள் என்னைவிட ஏழு மதிப்பெண் அதிகம்.

நான் ஆங்கில வழியில் படித்தவள். அவள் மலை மேல் விடுதியில் தங்கித் தமிழில் படித்தவள். டவர்கூட இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு என்னைவிட ஏழு மதிப்பெண் எப்படி வாங்குகிறாள்? எனக்கு முகம் சூடாகிவிட்டது. பயிற்சி மையத்தில் எங்களோடு படித்த ஒருவன் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். அவள் மதிப்பெண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "உனுக்கு இன்னா கவல, உங்களுக்கு கட்-ஆஃபும் கம்மி, இந்த மார்க்குக்குக் கண்ண மூடிக்கினு வாங்கிடுவ" என்றான்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நானும் அவள் பின்னால் எழுந்தேன். ஆனால் அவன் சொன்னது என் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஆமாம், இவள் எப்படியும் வாங்கிவிடுவாள். எனக்குத்தான் கழுத்து வரை தண்ணீர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழங்குடியினருக்கு உள்ள இடங்கள் வேறு, என் பிரிவுக்கு உள்ள இடங்கள் வேறு. அவள் தேறுவதால் எனக்கு ஓர் இடம் குறையாது, அவள் தோற்பதால் எனக்கு ஓர் இடம் கூடாது. தேர்வெழுதும் யாருக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் அவள் தன் பாதியை எடுத்து என் கையில் கொடுத்தாள். பக்கங்கள் உப்பியிருந்தன, ஓரமெல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுத்து. கடைசிச் சொல் வரை எழுதி முடித்திருந்தாள். என் பாதி என் தோள்பையில் இருந்தது. தண்ணீர் பாட்டிலுக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவில், கையை விட்டால் எடுக்கிற மாதிரி.

"ஐயோ, வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்" என்றேன். "திங்கக்கெழம உங்க பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து வுட்டுடறேன்."

"மறந்துடாதே" என்று மட்டும் சொன்னாள். கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடிப் போய் ஏறினாள். ஜன்னலிலிருந்து கையாட்டினாள், நானும் ஆட்டினேன்.

திங்கட்கிழமை கொடுத்துவிடுவது என்றுதான் வீடு திரும்பும்போது நினைத்தேன். சத்தியமாக. திங்கட்கிழமை, நாளை போகலாம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை, என் பாதியை நானே இன்னொரு முறை பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. புதன்கிழமை அவள் போன் செய்தாள். அவள் ஊரில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். எனக்காக ஏறியிருக்கிறாள் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி அவள் போன் வந்தது. எடுத்தேன்.

"இன்னா ஆச்சு, ஒண்ணும் வரலியே?"

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன். நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. "ஆஸ்பத்திரியும் வூடுமா அலஞ்சிக்கினு கீறேன். கொஞ்சம் சரியாவட்டும்."

"அய்யோ, இன்னாச்சு அவங்களுக்கு? நீ அவங்கள பாரு. புஸ்தகம் கெடக்கட்டும்" என்றாள். டவர் போய்விட்டது.

அப்போது அம்மா கீழே தெருக்குழாயில் யாரையோ வரிசைக்காகத் திட்டிக்கொண்டிருந்தாள். குரல் மாடி வரை கேட்டது.

போனில் படம் எடுத்தாவது அனுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். அவளும் அந்த முதல் வாரத்திலேயே ஒருமுறை செய்தி அனுப்பிக் கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து, படத்தில் விழாது, நேரில் தருகிறேன் என்று பதில் போட்டேன். என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும், தூரத்திலிருந்தே படிக்கலாம்.

அந்த ஒரு மாதம் நான் நடந்த நடை கொஞ்சநஞ்சமில்லை. அவள் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் நடந்தேன், வரப்பில் நடந்தேன், கோயில் பிராகாரத்தில் சாமி கும்பிட வந்தவர்களை இடித்துக்கொண்டு நடந்தேன். அவள் வாக்கியங்களைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். சிரித்ததை மறக்க இன்னும் வேகமாக நடப்பேன், இன்னும் நாலு சொல் படிப்பேன். சோறு இறங்கவில்லை. அம்மா, பரீட்சை பயம் என்று நினைத்துக்கொண்டு நெற்றியில் விபூதி வைத்தாள். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. நாளைக்குப் போய்க் கொடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தேன். பத்து நாள் போனதும், இனி கொடுத்தால் ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பாளே என்று பயம். அதற்கப்புறம், இனி கொடுத்தும் என்ன பிரயோசனம் என்றாகிவிட்டது. அவளுக்குத்தான் கட்-ஆஃப் கம்மியாயிற்றே, வாங்கிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

இருவருக்கும் தேர்வு புதுச்சேரியில். அவளுக்கு ஒரு நாள், எனக்கு மறுநாள், அதனால் பார்த்துக்கொள்ளவில்லை. என் திரையில் சொற்கள் வந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. பாதிக்கு மேல் அவள் பாதியிலிருந்து வந்தவை. எருது வந்தது. இன்னொரு கேள்வியில் பன்றி வந்தது. எனக்குக் கால் ஆடவில்லை. எழுதி முடித்து வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் ஆட ஆரம்பித்தது.

கொஞ்ச நாளில் விடைகளை வெளியிட்டார்கள். அவரவர் எண்ணைப் போட்டால், நாம் எந்தக் கேள்விக்கு என்ன விடை அழுத்தினோம், எது சரி என்று பார்த்துக்கொள்ளலாம். நான் தேறுவது கிட்டத்தட்ட உறுதியாகிவிட்டது. அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"எட்டு வார்த்த போச்சு எனக்கு" என்றாள். "சென்டர்ல பாத்து பேப்பர்ல குறிச்சிக்கினு வந்தேன். மொத எழுத்த வெச்சி பாத்தா ஆறு உன் பாதியில கீது."

போனில் காற்று இரைச்சல் கேட்டது. பிறகு, "உனுக்கு வந்துடும், இல்ல? நல்லா இரு" என்று வைத்துவிட்டாள். கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை. பாறையிலிருந்து இறங்கியிருப்பாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. என் பெயர் இருந்தது. அவள் தன் பிரிவின் கட்-ஆஃபுக்கு ஒன்றரை மதிப்பெண் குறைவு. ஒரே ஒரு சொல் தெரிந்திருந்தால் போதும். அவள் அண்ணன் அந்த மாதமே கேரளாவுக்குப் போய்விட்டான் என்று வெள்ளிமலை பஸ் கண்டக்டர் சொன்னார்.

வீட்டில் கொண்டாட்டம். அப்பா தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். அம்மா கோயிலில் பொங்கல் வைத்தாள். நான் சரியாகத் தூங்கவில்லை. வேலைக்கான ஆணை வரும் வரை ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதமும் எதற்காவது கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பிக்கொண்டே இருந்தேன். வெள்ளிமலை பஸ் நிற்கிற இடம் வரை போவேன், ஏறாமல் திரும்புவேன். வீட்டில் யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுந்தேன். தம்பி, "வேலை வந்தும் இவளுக்கு வியாதி தீரல" என்றான். அவன் சொன்னது சரிதான்.

ஆணை வந்தது, ஒடிசாவில் ஓர் ஊரில் பத்து நாளில் சேர வேண்டும் என்று. அதைப் படித்த மறுநாள் காலை, இரண்டு பாதிகளையும் பையில் போட்டுக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டேன். மலை ஏற ஏற இறங்கிவிடலாமா என்று மூன்று முறை எழுந்தேன். "குந்தும்மா, வளைவுல வுழுந்துடப் போற" என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

அவள் வீட்டில் இல்லை. கட்டிலில் படுத்திருந்த அவள் அம்மா, காட்டுல கீறா என்று கை காட்டினார். மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பெண்கள் செடியை ஆட்டி ஆட்டி வேரோடு இழுக்க, அவள் கிழங்கை வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். கறுத்திருந்தாள், இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆர்டர் வந்துடுச்சா?" என்றாள். தண்ணீர்க் குடத்தை எடுத்து எனக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

நான் குடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பையிலேயே இருந்தது, வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை, நீ ஏழு மார்க் அதிகம் வாங்கினதைத் தாங்க முடியவில்லை, உனக்கு எப்படியும் கிடைத்துவிடும் என்று நினைத்தேன், அம்மாவுக்கு உடம்பு ஒன்றுமில்லை, எல்லாம் பொய். மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்தது.

"தெரியும்" என்றாள் அவள்.

எனக்குப் புரியவில்லை.

"நீ போன்ல சொன்னியே, அதுக்கு மூணாவது நாளு உங்க ஊருக்கு வந்தேன். ஆஸ்பத்திரிக்கு அலையுறன்னு சொன்ன, ஒத்தாசையா இருக்கும்னு. மலவாழ ஒரு சீப்பு, கொஞ்சம் தேனு எடுத்துக்கினு வந்தேன். உங்க தெரு முனையில திரும்பறேன், உங்க அம்மா ரெண்டு கொடத்த தூக்கிக்கினு போய்க்கினு கீறாங்க, ஒண்ணு தலையில, ஒண்ணு இடுப்புல. நல்லாத்தான் இருந்தாங்க. நின்னு பாத்துட்டு திரும்பிட்டேன்."

"ஏன், வூட்டுக்கு வந்து என்னக் கேட்டிருக்கலாமே? என்ன நாலு அறை அறஞ்சிட்டு வாங்கிக்கினு போயிருக்கலாமே?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவ. அத வேற நான் நின்னு கேக்கணும்."

மலையிலிருந்து எலவனாசூர்கோட்டைக்கு வந்து திரும்ப ஒரு முழு நாள் ஆகும். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் ஒரு நாளை என் அம்மாவுக்காகச் செலவழித்திருக்கிறாள். நான் மாடியில் அவள் எழுத்தைப் படித்துக்கொண்டு நடந்திருப்பேன். தெரு முனையிலிருந்து பார்த்தால் எங்கள் மாடி தெரியும். என்னையும் பார்த்தாளா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பையிலிருந்து இரண்டு பாதிகளையும் எடுத்து நீட்டினேன். வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டாள். என் பாதியைப் பிரித்து ஒரு பக்கத்தை நின்றபடியே படித்தாள். தம்பியைப் பற்றிய வாக்கியமாக இருக்க வேண்டும், உதடு லேசாக அசைந்தது.

"எனக்கு இன்னும் வயசு கீது. காட்ட பாத்துக்கினே எழுதத்தான் போறேன்" என்றாள். "எப்பிடியும் இது எனக்கு வர வேண்டியதுதான்."

"இன்னா ஒத்தாச வேணும்னாலும் கேளு. நான் அங்க இருந்து..."

"ஒண்ணும் வாணாம்."

அந்தப் பக்கம் பெண்கள் கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி கீழே ரோட்டில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் புத்தகங்களைக் குடத்துக்குப் பக்கத்தில் மண் படாமல் ஒரு சாக்கின் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியே, உனுக்கு இப்ப லேசா கீதா?"

யோசித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு கால் ஆடாமல் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். இனி ஒரு பொய்யும் வேண்டாம் என்று, "ஆமா" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் லேசா ஆவல" என்றாள். "அதுக்குத்தான் நீ வந்தியா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு, லாரிக்காரனுக்குக் குரல் கொடுத்தபடி காட்டுக்குள் இறங்கிவிட்டாள். அதுக்கு இல்லை என்று பின்னாலேயே ஓடிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குத்தான் போயிருந்தேன்.